திருக்கையின் தோலில் ஒரு முந்நூறாண்டு வினா

தோற்றுவாய்

சந்தையில் வாங்கி வந்த திருக்கை மீனைச் சமைப்பதற்கு முன் ஒருமுறை மல்லாத்திப் பாருங்கள். முதுகுப்புறம் கருமையாக இருக்கும்; வயிற்றுப்புறம் வெண்மையாக இருக்கும். அந்த வெண்மையில், வாயைச் சுற்றிலும் மூக்குப் பகுதியிலும், ஊசி முனையால் குத்தியவை போன்ற நுண்ணிய துளைகள் நூற்றுக்கணக்கில் தென்படும். அவ்விடத்தை விரலால் அழுத்தினால் பளிங்கு போன்ற பசை அத்துளைகளிலிருந்து துளிர்க்கும். மலாய்க்காரர் ‘ஈக்கான் பாரி’ என்று அழைக்கும் இம்மீனை நம் நாட்டில் சுட்டும் குழம்பு வைத்தும் உண்கிறோம். ஆயினும் இத்துளைகளை உற்று நோக்குவோர் மிகச் சிலரே.

பல ஆண்டுகளுக்கு முன், நான் இளம் ஆசிரியனாக அறிவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, மாணவி ஒருத்தி அவ்வாறு உற்று நோக்கினாள். மீனின் புற உறுப்புகளைக் காட்டுவதற்காக நான் வகுப்பிற்குக் கொண்டு சென்ற திருக்கையைக் கண்டு, “ஐயா, இந்தத் துளைகள் எதற்கு?” என்று கேட்டாள். நான் தயங்கவில்லை. “மீனின் உடம்பு வழுவழுப்பாக இருப்பதற்கு அவற்றின் வழியே பசை சுரக்கிறது” என்று விடையளித்தேன். அவளும் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

அவ்விடை பிழை. பின்னாளில் நூல்களைத் தேடிப் படித்தபோதுதான் அஃது எத்தகைய பிழை என்பது எனக்குத் தெரிந்தது. ஐரோப்பாவின் பேரறிஞர்களும் அதே விடையைத்தான் சொல்லியிருந்தனர். அதை ஐயுறுவதற்கு ஒன்றரை நூற்றாண்டும், சரியான விடையைக் காண மேலும் ஒன்றரை நூற்றாண்டும் ஆயின. சுறாவும் திருக்கையும் தம் தோலில் தாங்கியுள்ள புலனுறுப்புகளின் கதை இரு வரலாறுகளாக விரிகிறது. ஒன்று, அவ்வுறுப்புகள் நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் மேலாக வளர்ந்து வந்த வரலாறு. மற்றொன்று, அவற்றை மனிதன் அறிந்துகொண்ட வரலாறு. இரண்டாவதை முதலில் கூறுவோம். ஏனெனில், அதை அறிந்த பின்னரே முதலாவது விளங்கும்.

புளோரன்சுக்கு வந்த சுறாத்தலை

1666ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தருகே மீனவர்கள் மாபெரும் வெள்ளைச் சுறா ஒன்றைப் பிடித்தனர். தஸ்கனி நாட்டை ஆண்ட இரண்டாம் பெர்தினாந்து கோமகன், அதன் தலையைப் புளோரன்சு நகருக்குக் கொணரச் செய்து, தம் அவையில் இருந்த தென்மார்க்கு நாட்டு உடற்கூற்றறிஞர் நிக்கோலாஸ் ஸ்டெனோவிடம் ஒப்படைத்தார். ஸ்டெனோ அதனை அறுத்து ஆராய்ந்து, 1667இல் தம் முடிவுகளை வெளியிட்டார்.

அவ்வொரு தலையில் ஸ்டெனோ இரண்டு செய்திகளைக் கண்டார். முதலாவது பற்களைப் பற்றியது. பாறைகளில் கிடைக்கும் ‘நாக்குக் கற்கள்’ என்பவை வானிலிருந்து விழுந்தவை என்றும், மண்ணில் தாமே விளைந்தவை என்றும் அக்காலத்தார் நம்பினர். அவை பண்டைச் சுறாக்களின் பற்களே என்று ஸ்டெனோ எடுத்துக்காட்டினார். அக்கருத்து வேரூன்றி, நிலவியல் என்னும் துறைக்கே கால்கோள் ஆயிற்று.

இரண்டாவது செய்தி சுறாவின் முகத்தோலில் இருந்த துளைகளைப் பற்றியது. திருக்கையின் உடலில் இத்தகைய துளைகளை அவர் முன்னரே கண்டு 1664இல் எழுதியிருந்தார். இத்தாலிய அறிஞர் மார்செல்லோ மால்பிகியும் ஏறத்தாழ அதே காலத்தில் அவற்றைக் கண்டார். ஆனால் அவை எதற்காக உள்ளன என்பதை எவரும் அறியவில்லை. பற்களைப் பற்றிய வினாவிற்கு ஒரே ஆண்டில் விடை கிடைத்தது. துளைகளைப் பற்றிய வினாவோ 1960ஆம் ஆண்டு வரை காத்துக் கிடந்தது.

ஸ்டெனோவுக்குப் பின் வந்தவர் ஸ்டெபானோ லோரன்சினி. இவர் புகழ்பெற்ற இயற்கை அறிஞர் பிரான்செஸ்கோ ரெடியின் மாணவர். தொட்டவரின் கையை மரத்துப் போகச் செய்யும் மின்திருக்கையைப் பற்றி 1678இல் புளோரன்சில் ஒரு நூல் வெளியிட்டார். துளை ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய குழாயின் வாய் என்பதையும், அக்குழாய் தோலுக்கடியில் ஓடி ஒரு சிறு குப்பி போன்ற பையில் முடிகிறது என்பதையும், அக்குப்பியை நரம்பு வந்து தொடுகிறது என்பதையும் அவர் விரிவாக வரைந்து காட்டினார். அதனால் அவ்வுறுப்புகள் இன்றும் ‘லோரன்சினியின் குப்பிகள்’ என்றே வழங்குகின்றன.

இங்கே வரலாற்றின் விந்தை ஒன்றைக் காணலாம். லோரன்சினியின் மேசைமீது கிடந்த அம்மீனின் உடலில் மின்சாரத்தைப் பிறப்பிக்கும் உறுப்பும் இருந்தது; மின்சாரத்தை உணரும் உறுப்பும் இருந்தது. இரண்டையும் அவர் கையால் தொட்டார், கண்ணால் கண்டார். ஆனால் உயிரின் உடலில் மின்சாரம் உண்டு என்னும் எண்ணமே அந்நாளில் பிறக்கவில்லை. மின்திருக்கையின் அதிர்ச்சி மின்சாரமே என்பதை ஆங்கிலேயரான ஜான் வால்ஷ் பிரான்சு நாட்டுக் கடற்கரையில் நிறுவியது 1772இல்தான். சொல் இல்லாத பொருளைக் கண் கண்டாலும் அறிவு காண்பதில்லை.

பசையா, புலனா?

அடுத்த நூறாண்டுக்கும் மேலாக இவை ‘பசைக் குழாய்கள்’ என்றே கருதப்பட்டன. அழுத்தினால் பசை வருகிறது. மீனின் உடலோ வழுக்குகிறது. ஆகவே இவை பசை சுரக்கும் உறுப்புகள். இம்முடிவு எவ்வளவு இயல்பாகத் தோன்றுகிறது பாருங்கள்! நான் வகுப்பில் சொன்னதும் இதைத்தான்.

இக்கொள்கையின்மீது முதல் ஐயத்தை எழுப்பியவர்களுள் ஒருவர் தென்மார்க்கு நாட்டு லுட்விக் யாக்கொப்சன். பசை சுரப்பதற்கு மட்டும் அமைந்த உறுப்பிற்கு இத்துணைத் தடித்த நரம்புகள் எதற்கு என்பதே அவ்வையத்தின் கரு. சுறா, திருக்கை ஆகியவற்றின் இவ்வுறுப்புகள் ஒரு புலனுக்கு உரியவை என்று அவர் 1813இல் எழுதினார்.

மீன்களின் விலாவில் தலை முதல் வால் வரை ஓடும் பக்கக் கோட்டிற்கும் இதே நிலைதான் இருந்தது. அதுவும் பசைக் குழாய் என்றே கருதப்பட்டது. செருமானிய அறிஞர் பிரான்ஸ் லைடிக் 1850இல் அக்கோட்டின் உள்ளே நரம்பு முனைகளோடு கூடிய சிறு மேடுகளைக் கண்டார். பின்னர் அவற்றை ‘ஆறாம் புலனின் உறுப்புகள்’ என்றே அழைத்தார். அம்மேடுகளில் மயிரிழை போன்ற நுண்முனைகளை உடைய உயிரணுக்கள் அமைந்திருப்பதும், அவற்றின்மேல் பாகு போன்ற தொப்பி ஒன்று கவிந்திருப்பதும் பிறகு தெளிவாயின. இவற்றை நாம் ‘உணர்மேடுகள்’ என்று குறிப்போம். நீர் அசையும்போது பாகுத் தொப்பி சாயும், நுண்முனைகள் வளையும், நரம்பு செய்தி அனுப்பும். 1908இல் ஹோஃபர் என்பார் மீன்கள் நீரோட்டத்தை உணர்வது இவ்வுறுப்பால்தான் என்று காட்டினார். ஆலந்து நாட்டு ஸ்வென் டைக்கிராஃப் 1930களில் இதனைத் ‘தொலைவிலிருந்து தொடும் புலன்’ என்று விளக்கினார். மற்றொரு மீன் வாலை அசைத்தால், அவ்வசைவு நீர்வழியே வந்து இதன் விலாவைத் தொடுகிறது. இருளிலும் கலங்கிய நீரிலும் மீன் வழி தவறாமல் திரிவது இதனால்தான்.

இவ்வாறு பக்கக் கோட்டின் புதிர் அவிழ்ந்தது. குப்பிகளின் புதிரோ அவிழவில்லை. அவற்றில் மயிரிழை அசைவதற்குரிய இடமே இல்லை. நீண்ட குழாய் முழுவதும் பாகு நிரம்பி நின்றது.

மெய்யான சோதனை, பொய்யான முடிவு

இருபதாம் நூற்றாண்டில் ஆய்வுக் கருவிகள் பெருகின, விடைகளும் பெருகின. 1909இல் அமெரிக்க அறிஞர் பார்க்கர், குப்பிகள் அழுத்தத்தை உணர்வன என்றார். 1938இல் இங்கிலாந்தின் பிளிமத் கடலாய்வுக் கூடத்தில் அலெக்சாண்டர் சாண்ட் திருக்கையின் குப்பி நரம்பில் எழும் துடிப்புகளைக் கருவியால் பதிவு செய்தார். குளிர்ந்தால் துடிப்பு மிகுந்தது, வெப்பமேறினால் குறைந்தது. ஆகவே இவை வெப்பநிலையை அளக்கும் உறுப்புகள் என்று முடிவாயிற்று. 1955இல் ஹென்செல் என்பார் அதை மீண்டும் உறுதி செய்தார். 1962இல் வேறு ஆய்வாளர் நீரின் உப்பளவு மாறினாலும் குப்பிகள் துடிக்கக் கண்டனர்.

இவற்றுள் ஒன்றேனும் பொய்ச் சோதனை அன்று. அழுத்தினாலும், குளிரச் செய்தாலும், உப்பை மாற்றினாலும் குப்பியின் நரம்பு உண்மையாகவே துடித்தது. கண்ணைக் கையால் அழுத்தினால் ஒளிப்பொறி தோன்றுகிறது. அதனால் கண் அழுத்தத்தை அறியும் உறுப்பு ஆகிவிடுமா? ஓர் உறுப்பு எதற்கெல்லாம் அசைந்து கொடுக்கிறது என்பது வேறு. எதற்காக அமைந்திருக்கிறது என்பது வேறு. அவ்வேறுபாட்டை அறிய வேண்டுமானால், அந்த உயிர் வாழும் இடத்தில் அதற்கு என்ன தேவைப்படுகிறது என்று கேட்க வேண்டும். ஆய்வாளர்களோ தங்கள் தோல் எவற்றை உணருமோ அவற்றையே மீனிடமும் சோதித்துப் பார்த்தனர்.

அவர்களை மட்டும் குறை கூறுவதற்கில்லை. ஐம்புலன் என்னும் கணக்கு மனிதன் தன் உடலை அளவுகோலாகக் கொண்டு வகுத்தது. தொல்காப்பியத்தின் மரபியலும் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுக்கிறது. அவ்வரிசை தொடுவுணர்வில் தொடங்குவதும், மனத்தை ஆறாவதாக வைப்பதும் வியந்து போற்றத்தக்கவை. எனினும் நம்மிடம் இல்லாத புலனொன்று பிற உயிரிடம் இருக்கக்கூடும் என்பதை அக்கணக்கும் எண்ணிப் பார்க்கவில்லை. கிழக்கும் மேற்கும் இவ்வகையில் ஒன்றே.

துருப்பிடித்த கம்பி

விடை இருமுறை கதவைத் தட்டியது. 1917இல் பார்க்கரும் வான் ஹியூசன் என்பாரும் கண்ணை மறைத்த கெளுத்தி மீனின் அருகே கோல்களை நீட்டிப் பார்த்தனர். கண்ணாடிக் கோல் தொடும் வரை மீன் அதைப் பொருட்படுத்தவில்லை. உலோகக் கோலை நீட்டியபோதோ தொடுமுன்னரே விலகியது. உலோகம் நீரில் பட்டவுடன் எழும் சிறு மின்னோட்டத்தை மீன் உணர்கிறது என்று அவர்கள் சரியாகவே கண்டனர். ஆயினும் அதனால் அம்மீனுக்கு என்ன பயன் என்பது விளங்கவில்லை.

1935இல் டைக்கிராஃப் கண் மறைத்த சிறு பூனைச்சுறாவின் அருகே துருப்பிடித்த கம்பி ஒன்றைக் கொண்டு சென்றார். சுறா வெருண்டு விலகியது. அக்குறிப்பு நெடுநாள் அவரது நினைவில் கிடந்தது.

இதற்கிடையில் 1951இல் கேம்பிரிட்சு பல்கலைக்கழகத்து ஹான்ஸ் லிஸ்மன், ஆப்பிரிக்க நன்னீர் மீன் ஒன்று தன் வாலிலிருந்து ஓயாமல் மெல்லிய மின்துடிப்புகளை வெளியிடுவதைக் கண்டார். அம்மீன் தன் மின்புலத்தில் ஏற்படும் மாற்றங்களைக் கொண்டே சுற்றுப்புறத்தை அறிகிறது என்று பின்னர் நிறுவினார். மின்சாரம் ஒரு புலனாக இருக்கலாம் என்னும் எண்ணம் அதன்பிறகே அறிஞர் உலகில் இடம் பெற்றது.

எண்ணம் பிறந்த பின் விடை விரைந்து வந்தது. 1960இல் இங்கிலாந்தைச் சேர்ந்த மரே, லோரன்சினியின் குப்பிகளுக்கு மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாட்டைக் காட்டினார். ஒரு திசையில் பாய்ந்தால் நரம்பின் துடிப்பு மிகுந்தது. எதிர்த்திசையில் பாய்ந்தால் குறைந்தது. அழுத்தத்தையும் குளிரையும்விட மின்சாரத்திற்கே அது மிக நுட்பமாக விடையளித்தது. 1962 முதல் டைக்கிராஃபும், உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அவரிடம் பயின்ற அட்ரியானஸ் கல்மைனும், உயிருள்ள சுறாவின் நடத்தையைக் கொண்டு இதனை உறுதி செய்தனர். குப்பிகளுக்குச் செல்லும் நரம்பை அறுத்தபின் சுறா மின்சாரத்தைப் பொருட்படுத்தவில்லை.

1966இல் கல்மைன் திருக்கையின் இதயத் துடிப்பை அளந்து அப்புலனின் நுட்பத்தைக் கணக்கிட்டார். ஒரு சென்டிமீட்டர் தொலைவில் 0.01 மைக்ரோவோல்ட் வேறுபாடு இருந்தாலே அதன் இதயம் சற்றுத் தயங்கியது. கைவிளக்கில் இடும் ஒன்றரை வோல்ட் மின்கலத்தின் ஒரு முனையைச் சிங்கப்பூரிலும் மறுமுனையைப் பாங்காக்கிலும் கடலில் வைத்து, இடைப்பட்ட ஏறத்தாழ 1,500 கிலோமீட்டரிலும் அம்மின்னழுத்தத்தைச் சமமாகப் பரப்பினால் எவ்வளவு இருக்குமோ, அவ்வளவே அது!

மணலுக்குள் மறைந்த மீன்

இத்துணை நுட்பம் எதற்கு? 1917இல் எழுந்து விடையின்றி நின்ற இவ்வினாவிற்குக் கல்மைன் 1971இல் வெளியிட்ட சோதனைகள் விடை தந்தன. எளிய பொருள்களைக் கொண்டு ஐயத்திற்கு இடமின்றி உண்மையை நிறுவிய அச்சோதனைகளை ஆசிரியர் ஒவ்வொருவரும் மாணவர்க்கு எடுத்துரைக்கலாம்.

தொட்டியின் அடியில் மணலுக்குள் தட்டை மீன் ஒன்று மறைந்திருந்தது. பசித்த பூனைச்சுறா நீந்தி வந்து, 15 சென்டிமீட்டர் அளவில் நெருங்கியதும் சட்டெனத் திரும்பி, மணலைக் கிளறி மீனைக் கவ்வியது. சுறா அதை எவ்வாறு கண்டது? பார்வையாலா, மணத்தாலா, அசைவாலா?

அடுத்து, அம்மீனை அகார் பாகினால் ஆன கூட்டுக்குள் வைத்து மணலில் புதைத்தார். நம் வீட்டுப் பிள்ளைகள் விரும்பி உண்ணும் அதே அகார்-அகார்தான். அக்கூடு மீனைக் கண்ணிலிருந்து மறைத்தது, அசைவைத் தடுத்தது, மணத்தையும் ஒரு குழாய் வழியே அப்பால் கொண்டு சென்றது. மின்சாரத்தை மட்டும் தடையின்றி வெளியே விட்டது. சுறா முன்போலவே கூட்டின்மீது பாய்ந்தது.

பின்னர் உயிருள்ள மீனுக்குப் பதிலாக மீன் துண்டுகளை அக்கூட்டில் வைத்தார். இப்போது சுறா கூட்டை விட்டு, மணம் வெளிவந்த குழாயின் வாயருகே தேடி அலைந்தது. மீண்டும் உயிருள்ள மீனை வைத்து, கூட்டின்மேல் மின்சாரம் புகாத மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினார். சுறா அதன்மேலேயே நீந்திச் சென்றது; ஒன்றும் அறியவில்லை. இறுதியாக மீனையே நீக்கிவிட்டு, மணலுக்குள் இரு மின்முனைகளைப் புதைத்து, மீனின் உடலிலிருந்து எழும் அளவிற்கே மின்னோட்டத்தைச் செலுத்தினார். சுறா அம்மின்முனைகளைத் தோண்டிக் கடித்தது. அருகிலேயே கிடந்த மீன் துண்டைக்கூட அது நாடவில்லை.

உண்மை வெளிப்பட்டது. உயிருள்ள ஒவ்வொரு மீனின் உடலைச் சுற்றியும் மெல்லிய மின்புலம் ஒன்று பரவி நிற்கிறது. உடலின் உப்பும் கடலின் உப்பும் வேறுபடுவதால் செவுள் முதலிய மென்தோல்களின் வழியே அது கசிகிறது. மணலுக்குள் ஒளிந்த மீன் நிறத்தை மறைக்கலாம், அசைவை அடக்கலாம், உயிரோடு இருப்பதை மறைக்க இயலாது.

இது தொட்டிக்குள் மட்டும் நிகழும் விந்தை அன்று. கல்மைன் பின்னர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடலில் படகிலிருந்து மீன்சாற்றைக் கசியவிட்டு, அதன் இருபுறமும் மின்முனைகளைத் தொங்கவிட்டார். மணத்தைத் தொடர்ந்து வந்த நீலச்சுறாக்கள், நெருங்கியதும் மணத்தைக் கைவிட்டு மின்னோட்டம் பாய்ந்த முனைகளையே கடித்தன. இதனை அவர் 1982இல் வெளியிட்டார். தொலைவில் மணம், இடையில் நீரசைவும் பார்வையும், இறுதி நொடியில் மின்புலன் என்பதே சுறாவின் வேட்டை ஒழுங்கு.

பாகு நிரம்பிய குழாயின் பொருளும் இப்போது விளங்கியது. பாகு மின்சாரத்தை எளிதில் கடத்தும்; குழாயின் சுவரோ கடத்தாது. அது தோலின்மேல் உள்ள மின்னழுத்தத்தை உள்ளே இருக்கும் குப்பிக்குக் கொண்டு சேர்க்கும் உயிருள்ள மின்கம்பி. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வழுக்குப் பசை என்று நாம் துடைத்தெறிந்தது இக்கம்பியைத்தான்.

நாற்பது கோடி ஆண்டுப் பயணம்

இனி முதல் வரலாற்றிற்கு வருவோம். இவ்வுறுப்புகள் எங்கிருந்து வந்தன?

சுறாவும் திருக்கையும் குருத்தெலும்பு மீன்கள். மென்மையான குப்பியும் குழாயும் பாறையில் எளிதில் பதிவதில்லை. ஆயினும் நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட தாடையற்ற மீன்களும் கவச மீன்களும் தம் தலையோட்டில் பக்கக் கோட்டின் தடங்களைப் பள்ளங்களாக விட்டுச் சென்றுள்ளன. தோலில் நீரசைவை உணரும் கலை அத்துணைப் பழமையானது.

மின்புலனின் பழமையை அறிய வாழும் உயிர்களே சான்று. 1981இல் பாட்ஸ்னிக், நார்த்கட் என்னும் இருவர், தாடையற்ற லாம்பிரே மீனுக்கும் மின்புலன் உண்டு என்று கண்டனர். சுறா, திருக்கை, ஸ்டர்ஜன், நுரையீரல் மீன், ஆக்சலோட்டில் என்னும் நீர்வாழ் உயிர் ஆகியவற்றிற்கும் அஃது உண்டு. இத்துணை வேறுபட்ட கிளைகளில் ஒரே புலன் காணப்படுவதால், அது முதுகெலும்பு உயிர்களின் பொது மூதாதைக்கே உரியது என்று அறிஞர் கொள்கின்றனர். நாம் அன்றாடம் உண்ணும் எலும்பு மீன்களிற் பெரும்பாலானவை அதனை இழந்துவிட்டன. கெளுத்தி முதலிய சில குடும்பங்கள் மட்டும் அதனைப் புதிதாக மீண்டும் உருவாக்கிக்கொண்டன. நிலத்திற்கு ஏறிய நம் முன்னோரும் அதனை இழந்தனர். காற்று மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆகவே நிலத்தில் அதற்குப் பயனில்லை.

பக்கக் கோட்டிற்கும் குப்பிக்கும் உள்ள உறவு என்ன என்பது நெடுநாள் வழக்கு. 2011இல் துடுப்பு மூக்கு மீனின் கருவிலும், 2012இல் சிறு திருக்கையின் கருவிலும் ஆய்வாளர்கள் சாயத்தால் அடையாளமிட்டுப் பின்தொடர்ந்தனர். கருவின் தலையில் தடித்து எழும் ஒரே தோற்பட்டையிலிருந்து நடுவில் உணர்மேடுகளும் இருமருங்கிலும் மின்குப்பிகளும் பிறப்பது தெளிவாயிற்று. இரண்டும் உடன்பிறப்புகள். தொடுவுணர்வின் உறுப்பும் மின்னுணர்வின் உறுப்பும் ஒரே தாயின் மக்கள்.

2017இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர் மேலும் நுணுகிச் சென்றனர். சிறு திருக்கையின் குப்பி உயிரணுக்களில் மின்னழுத்தத்திற்கு வாயில் திறக்கும் புரதம் எது என்று கண்டனர். அது நம் காதின் உட்புறத்தே ஒலியை உணரும் மயிரணுக்களில் உள்ள புரதத்தின் வகையைச் சேர்ந்தது. நாம் இசை கேட்பதும் சுறா இரையின் உயிர்த்துடிப்பை அறிவதும் ஒரே பழங்குடும்பத்தின் தொழில்கள்.

அடித்தளம் ஒன்றாயினும், வாழ்க்கைக்கேற்ப வடிவம் மாறியது. ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கும் முன் திருக்கைகள் தட்டையாகிக் கடலடி வாழ்வை மேற்கொண்டன. திருக்கையின் கண் மேலே, வாய் கீழே. அது தான் உண்பதைத் தானே காண இயலாது. அதனால்தான் வாயைச் சுற்றி அத்துணைத் துளைகள். அடிவயிற்றில் பக்கக் கோட்டின் கால்வாய்கள் சில துளையின்றி மூடிக்கொண்டன. அவை நீரோட்டத்தை அறியாமல், மேனியில் உரசும் இரையின் தொடுகையை அறிகின்றன. மின்திருக்கையின் அடிப்பகுதியில் உணர்மேடுகள் மூடிய சிறு பைகளாயின. 1844இல் இத்தாலியரான பாவ்லோ சாவி அவற்றை விளக்கியதால் அவர் பெயரே பெற்றன. தென்னமெரிக்க ஆறுகளில் வாழும் திருக்கைகளில் குழாய்கள் மிகக் குறுகிப் போயின. மின்சாரத்தை எளிதில் கடத்தாத நன்னீரில் நீண்ட குழாயால் பயனில்லை.

கொம்பன் சுறாவின் தலை சம்மட்டிபோல் அகன்றிருப்பதால், கடலடியை ஒரே வீச்சில் பரந்து தேட அதற்கு வாய்ப்புண்டு. அத்தலையில் ஏறத்தாழ மூவாயிரம் துளைகள் உள்ளன. வேளா மீனின் வாள்முகமும் வெறும் படைக்கலம் அன்று. அதன் நெடுகிலும் மின்குப்பிகள் உள்ளன. நீரில் தொங்கிய மின்முனைகளை வேளா தன் வாளால் வீசித் தாக்கியதை ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்த ஆய்வொன்று 2012இல் காட்டியது. சோழநாட்டுக் கடற்கரைப் பரதவர் சுறவின் கோட்டை நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. அக்கோடு வேளாவின் வாளாக இருந்திருக்கலாம். அவ்வாறாயின், ஆயுதம் என்று எண்ணி அவர்கள் வணங்கியது ஒரு புலனுறுப்பையும் ஆகும்!

இப்புலன் வேட்டைக்கு மட்டும் உரியதன்று. மணலில் புதைந்து கிடக்கும் பெண் திருக்கையை ஆண் திருக்கை இனப்பெருக்கக் காலத்தில் இதனாலேயே கண்டடைகிறது. நம் கடல்களிலும் வாழும் மூங்கிற் சுறாவின் முட்டைக்குள் இருக்கும் குஞ்சு, பகைவனின் மின்புலத்தை உணர்ந்ததும் செவுள் அசைவை நிறுத்தி மூச்சடக்கிக் கிடக்கிறது என்பது 2013இல் வெளியான செய்தி. பிறவாத குஞ்சுக்கும் அப்புலன் காவல் நிற்கிறது.

முடிவுரை

ஸ்டெனோ துளைகளைக் கண்டது முதல் மரே அவற்றின் தொழிலை அறிந்தது வரை ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள். இடையில் வந்தோர் எவரும் சோம்பியிருக்கவில்லை. அறிவில் குறைந்தவரும் அல்லர். அவர்கள் கேட்ட வினாக்கள் மனித உடலின் எல்லைக்குள் நின்றன. அதனால் விடைகளும் அவ்வெல்லைக்குள் நின்றன. நமக்கு இல்லாத ஒன்று பிறர்க்கு இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளும் பணிவு வந்த நாளில், துருப்பிடித்த கம்பியும் அகார்ப் பாகும் உண்மையைச் சொல்லின.

இன்று உலகில் உள்ள சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் அருகிப்போகும் இடரில் உள்ளதாக 2021இல் வெளியான கணிப்பு தெரிவிக்கிறது. வேளா பல கடல்களில் மறைந்தே போயிற்று. அளவுக்கு மிஞ்சிய மீன்பிடிப்பே இதற்குப் பெருங்காரணம். நாற்பது கோடி ஆண்டு வளர்ந்த புலனுக்கும் வலையிலிருந்து தப்பும் வழி தெரியவில்லை. அவ்வுயிர்கள் மறைந்தால், நாம் இன்னும் கேட்காத வினாக்களுக்கான விடைகளும் அவற்றோடு மறையும்.

அன்று என்னிடம் வினவிய மாணவி இன்று எங்கிருக்கிறாளோ அறியேன். அவளுக்கு நான் கூறியிருக்க வேண்டிய விடை, “தெரியவில்லை அம்மா, நாம் இருவரும் தேடிப் பார்ப்போம்” என்பதே. அவ்விடையைக் கூறும் துணிவு எனக்கு அப்போது இல்லை. தலைமையாசிரியனான பின், புதிதாகப் பணியேற்கும் ஆசிரியர்களிடம் இக்கதையை நான் சொல்வதுண்டு. விடை தெரிந்த ஆசிரியரை மாணவர் மதிப்பர். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி உடன் தேடும் ஆசிரியரிடம் அவர்கள் மீண்டும் வந்து வினவுவர். ஆண்டுதோறும் திருக்கை ஒன்றை வாங்கி வந்து வகுப்பில் மல்லாத்தி வைக்கச் சொல்கிறேன். துளைகளை முதலில் கண்டு வினவும் பிள்ளைக்காக நாங்கள் காத்திருக்கிறோம்.